கடலில்லாத ஊரிலிருந்து கடல் முட்டைகளைப் பற்றி

"மீன் உயிரோடதானே இருக்கு, அப்புறம் என்ன?" தென்பெண்ணை பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பக்கம் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போது நுரை பொங்கி வருவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த நுரையைப் பார்த்துப் பதறுகிறவர்கள்கூட, கொஞ்சம் கீழே கிருஷ்ணகிரி அணையில் வலை போடுகிறவர்களைப் பார்த்ததும் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். மீன் இருக்கிறது, பிடிக்கிறார்கள், விற்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். சரி, தண்ணீர் அவ்வளவு மோசமில்லை.

இந்த சமாதானம் தப்பு என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வந்தேன். வளர்ந்த மீன் தாங்குவதை வைத்துத் தண்ணீரை எடை போடவே கூடாது. முட்டை தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதுவும் இந்த ஆறு போய்ச் சேரும் கடலில் இருக்கும் முட்டைகள்.

நான் பாலக்கோடு பக்கத்துக்காரன், இங்கே பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். படித்தது கடல் உயிரியல், பரங்கிப்பேட்டையில். தருமபுரிக்காரனுக்குக் கடல் எதற்கு என்று அன்று வீட்டில் கேட்டார்கள், இன்றும் சிலர் கேட்கிறார்கள். மேப்பை எடுத்துப் பாருங்கள். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கழிவுநீரையும் வாங்கிக்கொண்டு, கொடியாளம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி, எங்கள் மாவட்டத்தின் ஓரத்தைத் தொட்டு, சாத்தனூர் அணை போய், கடைசியில் கடலூருக்கு வடக்கே தாழங்குடாவில் வங்கக்கடலில் விழுகிறது. சின்னாறும் தொப்பையாறும் காவிரிக்குப் போகின்றன, காவிரியும் கடலுக்குத்தான் போகிறது. ஆக, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எந்தச் சாக்கடையில் எதைக் கொட்டினாலும் அது பெய்யும் மழையைப் பொறுத்து இன்றைக்கோ பத்து வருஷம் கழித்தோ கடல் பக்கம்தான் நகரும்.

நுரையை விடுங்கள். நுரை பெரும்பாலும் சோப்பும் சாக்கடையும் செய்கிற வேலை, கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் செய்தியாகிறது. தாமிரம், துத்தநாகம், நிக்கல், காட்மியம், ஈயம் இதெல்லாம் தண்ணீரில் கரைந்து போகும்போது நிறமும் இருக்காது, வாடையும் இருக்காது. சாக்கடையில் இருக்கும் சோப்பையும் மலத்தையும் பாக்டீரியா தின்று தீர்த்துவிடும். உலோகத்தைத் தின்று தீர்க்க எதுவும் கிடையாது. அது இடம் மாறும், உருவம் மாறும், அவ்வளவுதான்.

பரங்கிப்பேட்டையில் நான் அதிகம் பார்த்தது கடல் முள்ளெலிக் கரு. முள்ளெலி (sea urchin) வலையில் மீனோடு சேர்ந்து வரும், கரையில் உதறிவிட்டுப் போவார்கள், அதைத்தான் நாங்கள் வாளியில் எடுத்து வருவோம். உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் உருண்டை. அதன் வாயைச் சுற்றி ஒரு மெல்லிய தோல் இருக்கும், அதில் ஊசி மூலம் பொட்டாசியம் குளோரைடு கரைசலைக் கொஞ்சம் ஏற்றி, கடல்நீர் நிரம்பிய பீக்கர் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால், பெண்ணாக இருந்தால் முட்டைகள் மஞ்சளாக நூல் நூலாக இறங்கும், ஆணாக இருந்தால் வெள்ளையாக. இரண்டையும் ஒரு தட்டில் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், ஒரு நிமிஷத்துக்குள் முட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய உறை மேலெழும்பி நிற்பதைப் பார்க்கலாம். ஒரு விந்தணு உள்ளே போனதும் மற்றவை வராமல் முட்டை கதவைச் சாத்துகிறது. ஒரு மணி நேரத்தில் இரண்டு செல், அப்புறம் நான்கு, எட்டு. அன்று ராத்திரிக்குள் உள்ளே காலியான ஒரு பந்தாகி, உறையைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து நீந்த ஆரம்பித்துவிடும். நம்மூர்க் கடலின் வெப்பத்தில் ஒன்றிரண்டு நாளில் கைகள் நீட்டிய லார்வா, புளூட்டியஸ் என்பார்கள், தயார். அந்தக் கைகளுக்குள் கண்ணாடிக் குச்சி மாதிரி எலும்பு இருக்கும். சுண்ணாம்பு. கடல்நீரில் இருக்கும் கால்சியத்தை எடுத்துத் தானே கட்டிக்கொண்ட எலும்பு.

இதே முட்டைகளைத் தாமிரம் கலந்த கடல்நீர்த் தட்டில் விட்டால் என்ன நடக்கும்? முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாது, உறை எழும்பும், பிளவும் நடக்கும். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் செல்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும். மறுநாள் பக்கத்துத் தட்டில் இருப்பவை எல்லாம் கையை நீட்டி நீந்திக்கொண்டிருக்கும்போது இதில் பாதி இன்னும் பந்தாகவே உருண்டுகொண்டிருக்கும். மீதியில் சிலவற்றுக்குக் கை வந்திருக்கும், ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. எலும்புக் குச்சி வளைந்தோ குறுக்கே போயோ இருக்கும். ஆனால் உயிர் இருக்கிறது, துடிக்கிறது. செத்ததா என்று மட்டும் எண்ணுகிறவருக்கு இந்தத் தட்டில் சேதமே தெரியாது. கை ஒழுங்காக இல்லாத லார்வாவால் நேராக நீந்தவும் இரை பிடிக்கவும் முடியாது, அது கடலில் அடுத்த வாரத்தைப் பார்க்காது.

ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு விதமாகக் கெடுக்கிறது, என்னை இந்தப் பாடத்தில் பிடித்து உட்கார வைத்ததே அதுதான். காட்மியம் கால்சியத்தின் இடத்தில் போய் நின்றுகொள்கிறது, எலும்பு கட்டும் வேலை தடுமாறுகிறது, செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளத் தொடங்குகின்றன. துத்தநாகம் அதிகமானால் குடல் உருவாகாமல் போய், மேலே ரோமம் நீண்ட வெறும் பந்தாக நின்றுவிடும். நிக்கல் செய்வது இன்னும் விசித்திரம். கரு எது வாய் வரும் முன்பக்கம், எது பின்பக்கம் என்று முடிவு செய்யும் கட்டம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் நிக்கல் இருந்தால் அந்த முடிவே நடக்காது. இடது வலது என்று இரண்டு எலும்பு வர வேண்டிய இடத்தில் சுற்றிலும் வட்டமாகப் பல எலும்புத் துண்டுகளோடு, முன்பின் இல்லாத ஓர் உருவம் வரும். 1990-களின் தொடக்கத்தில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அந்தச் சில மணி நேரம் தாண்டிய பிறகு அதே நிக்கலைக் கொடுத்தால் முன்பின் குழப்பம் வருவதில்லை. அதற்கும் முன்னால், 1892-லேயே, கர்ட் ஹெர்ப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் லித்தியம் கலந்த கடல்நீரில் கருக்களை வளர்த்தபோது குடல் உள்பக்கம் மடியாமல் வெளிப்பக்கம் பிதுங்கி வளர்ந்ததைப் பார்த்துவிட்டார். (எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் எங்கள் மாவட்டங்களுக்கு வந்துவிட்டதால் லித்தியம் என்றதும் பயந்துவிட வேண்டாம். கடல்நீரில் இயல்பாகவே லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் அளவில் லித்தியம் இருக்கிறது, அவர் போட்டது அதைவிடப் பல நூறு மடங்கு அதிகம்.)

அளவு என்று வந்தால் தாமிரத்தின் கணக்கைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மட்டியின் கருக்களில் பாதி சரியான ஓடு கட்ட முடியாமல் போக, லிட்டருக்கு 10 மைக்ரோகிராமை ஒட்டிய தாமிரம் போதும், சில சோதனைகளில் அதற்கும் குறைவு. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கடல்நீருக்கு வைத்திருக்கும் தாமிர அளவுகோல் குறுகிய நேரத்துக்கு 4.8, நீண்ட நாளுக்கு 3.1 மைக்ரோகிராம். அது அவ்வளவு கீழே இறங்கியதற்கு மட்டிக் கருக்கள்தான் காரணம். நம் நாட்டின் குடிநீர்த் தரத்தில் தாமிரத்துக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 50 மைக்ரோகிராம். நமக்கு அது நல்ல தண்ணீர். செம்புக் குடத்தில் ராத்திரி ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் நமக்குக் கல்லீரல் இருக்கிறது, மிஞ்சிய தாமிரத்தைப் பித்தநீர் வழியாக வெளியே தள்ளிவிடும். வளர்ந்த மட்டிக்குக்கூட வழி இருக்கிறது, தண்ணீர் பிடிக்கவில்லையென்றால் தன் ஓடுகளை இறுக்கி மூடிக்கொண்டு நாள் கணக்கில் கிடக்கும். கருவுக்கு மூட ஓடு இல்லை, அது இனிமேல்தான் ஓடே கட்ட வேண்டும்.

தருமபுரிக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ஆய்வகமே வேண்டாம், பல்லைக் காட்டச் சொன்னால் போதும். எங்கள் ஊர்ப் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த சேதி, 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃப்ளோரைடு உலோகம் கிடையாது, தெரியும். ஆனால் காவிக்கறை பல்லின் கதையைக் கவனியுங்கள். வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த மருமகள் இருபது வருஷம் அதே தண்ணீரைக் குடித்தாலும் பல் வெள்ளையாகவே இருக்கும். அவள் பிள்ளைக்குக் கறை விழும். ஏனென்றால் பல்லின் எனாமல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் சின்ன வயதில் மட்டும்தான் அந்தக் கறை விழும், ஏழெட்டு வயது தாண்டினால் அந்த வாசல் மூடிவிடும். அதே வீடு, அதே குடம். அம்மாவின் பல்லை மட்டும் பார்த்துவிட்டுத் தண்ணீர் நல்லது என்று எழுதிக்கொடுத்தால் எப்படி இருக்கும்? கடலில் நாம் செய்வது அதைத்தான், அங்கே அந்த வாசல் சில மணி நேரம்தான் திறந்திருக்கிறது.

ஆய்வகத் தட்டில் நடப்பது கடலில் நடக்குமா என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். நடந்திருக்கிறது. பிரான்சில் ஆர்க்காஷோன் என்று ஒரு விரிகுடா, சிப்பி வளர்ப்புக்குப் பேர்போன இடம். படகின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்க டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்டை 1970-களில் தாராளமாக அடித்தார்கள். 1977-லிருந்து சில வருஷங்களுக்குப் புதுச் சிப்பிக் குஞ்சே ஒட்டவில்லை. பெரிய சிப்பிகள் உயிரோடுதான் இருந்தன, ஓடு மட்டும் தடித்துக் கோணலாக வளர்ந்தது. முட்டையிட்டன, லார்வாக்கள் நிலைக்கவில்லை. 1982 ஜனவரியில் பிரான்ஸ் அரசு 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு அந்தப் பெயின்டைத் தடை செய்தது, அந்த வருஷமே குஞ்சு ஒட்ட ஆரம்பித்தது. லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருந்த ஒரு பொருள், மைக்ரோகிராமிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு விரிகுடா முழுவதையும் பிள்ளையில்லாத ஊராக்கி வைத்திருந்தது. நிறுத்தியதும் அவ்வளவு சீக்கிரம் திரும்பியது என்பதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன், எல்லாம் போச்சு என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடலுக்குப் போன உலோகம் திரும்பி மனிதக் கருவுக்கே வந்த கதையும் இருக்கிறது, மினமாட்டா. ஜப்பானில் ஒரு ரசாயன ஆலை வெளியேற்றிய பாதரசம் மீன் வழியாக வந்தது, 1956-ல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. தாய்க்குக் கொஞ்சம் மரத்துப்போன மாதிரி இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது, பிறந்த குழந்தை கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கும். நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்றுதான் அதுவரை மருத்துவர்கள் நம்பினார்கள். அங்கே குழந்தையின் தொப்புள்கொடியைக் காய வைத்துப் பெட்டியில் பத்திரமாக வைக்கும் வழக்கம் இருந்தது. நம் ஊரில் அதைத் தாயத்துக்குள் அடைத்து அரைஞாணில் கட்டுவோமே, அது போலத்தான். பல வருஷம் கழித்து அந்தக் கொடிகளை எடுத்துச் சோதித்தபோது உள்ளே மெத்தில் பாதரசம் இருந்தது. கருவிலேயே போயிருக்கிறது என்பதற்கு வீட்டுப் பெட்டிகளே சாட்சி சொல்லின.

சரி, ஓசூரில் விடுவது கடலூர் போய்ச் சேருவதற்குள் கலந்து நீர்த்துப் போய்விடாதா? கொஞ்சம் போகும். எல்லா உலோகமும் கரைந்த வடிவில் கடலுக்குப் போவதில்லை, பெரும்பகுதி களிமண்ணோடும் மக்கிய குப்பையோடும் ஒட்டிக்கொண்டு அணைகளிலும் ஆற்றுப் படுகையிலும் தங்கிவிடுகிறது. அப்படி ஒட்டிக்கொண்ட உலோகம் கருவை அவ்வளவாகத் தொடாது, தனி அயனியாகத் திரிவதுதான் கடிக்கும். இது நல்ல சேதி என்று நினைத்தால் 2024 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது, நின்ற வண்டிகளைத் தண்ணீர் இழுத்துப் போனதை எல்லோரும் பார்த்தோம். சாத்தனூரிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள், விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. அந்த வெள்ளம் வெறும் தண்ணீரை மட்டும் கொண்டு போகவில்லை, படுகையில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த வண்டலையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. முகத்துவாரத்தில் நன்னீர் உப்புநீரைச் சந்திக்கும்போது வண்டல் திரண்டு அடியில் படியும். ஆனால் காட்மியம் மாதிரி சில உலோகங்கள் உப்பில் இருக்கும் குளோரைடைக் கண்டதும் மண்ணை விட்டுக் கழன்று தண்ணீருக்கு வந்துவிடும். முகத்துவாரம்தான் மீனும் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கும் இடம். கடலூரில் இன்னொரு பக்கம் உப்பனாற்றங்கரையில் சிப்காட்டும் இருக்கிறது, அங்கே உள்ள கருக்கள் எந்த ஊர் உலோகம் என்று பிரித்துப் பார்த்தா வாங்கும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. தொழிற்சாலைக் கழிவுநீருக்கு மத்திய அரசின் பொதுத் தரத்தில் தாமிரம் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை விடலாம், நிக்கலும் ஆற்றில் விட 3 மில்லிகிராம். மட்டிக் கருவைக் கெடுக்கும் 10 மைக்ரோகிராமோடு வைத்துப் பார்த்தால் தாமிரம் முந்நூறு மடங்கு. ஆறு நீர்த்துக் கொடுக்கும் என்ற நம்பிக்கையில் வைத்த எண் அது. கோடையில் தென்பெண்ணையில் நீர்த்துப்போக ஏது தண்ணீர்? அதே பட்டியலில் உயிர்ச் சோதனை என்று ஒன்றும் இருக்கிறது. கழிவுநீரில் மீனை விட்டு 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடு இருந்தால் தேர்ச்சி. நான்கு நாள் மீன் சாகவில்லை, அவ்வளவுதான் கேள்வி. முட்டை பொரிந்ததா, குஞ்சு நேராக வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மட்டி, சிப்பி, முள்ளெலிக் கருக்களை வைத்து ஓரிரு நாளில் முடியும் சோதனை முறைகள் மற்ற நாடுகளில் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. பெரிய செலவு கிடையாது, மைக்ராஸ்கோப்பும் பழகிய கண்ணும் போதும். கடலோரப் பல்கலைக்கழகங்களில் அப்படிப் பழகிய பிள்ளைகள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். தாழங்குடா முகத்துவாரத் தண்ணீரை மழைக்கு முன்னும் பின்னும் எடுத்து இப்படிச் சோதித்து, முடிவை ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தமிழில் ஒட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆற்றின் மேல்பக்கம் இருப்பவர்களுக்குத்தான் அது தெரிய வேண்டும்.

இதையெல்லாம் எழுத முக்கியக் காரணம் என் அக்கா மகன். ஓசூரில் ஒரு சின்ன பிளேட்டிங் (உலோகப் பூச்சு) பட்டறையில் வேலை பார்க்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது நிக்கல் தொட்டி எப்படி ஓடுகிறது என்று உட்கார்ந்து விவரமாகக் கேட்டேன். வண்டிக்குப் போகும் சின்னச் சின்ன இரும்புப் பாகங்களை ஜிக் என்ற தொங்கு சட்டத்தில் மாட்டி, பச்சை நிற நிக்கல் கரைசலில் முக்கி எடுத்து, உடனே பக்கத்துத் தொட்டியில் அலசுகிறார்கள். தூக்கும்போது சொட்டும் கரைசல் அலசும் தண்ணீருக்குப் போகிறது, அங்கிருந்து சுத்திகரிப்புக்கு.

"தூக்கினதும் தொட்டி மேலயே கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சா சொட்டு அங்கேயே விழுமேடா?"

"விழும் மாமா. ஆனா அவ்வளவு நேரம் நின்னா பீஸ் கணக்கு ஓடாதுங்களே. பீஸுக்குத்தான காசு."

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கூலியை அப்படி வைத்துவிட்டு அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். நிக்கல் தொட்டியில் லிட்டருக்கு 60 கிராமுக்கு மேல் நிக்கல் இருக்கும். அதில் ஒரே ஒரு லிட்டர் சொட்டிப் போனால், அதை 3 மில்லிகிராம் அளவுக்கு நீர்க்க வைக்க 20,000 லிட்டர் தண்ணீர் வேண்டும், இரண்டு பெரிய டேங்கர் லாரி. பத்துப் பதினைந்து விநாடி தொட்டி மேல் நிறுத்திச் சொட்டவிட்டால் இதில் கணிசமாகக் குறையும். அதற்கு அடுத்ததாக ஓடாத தண்ணீர் கொண்ட ஒரு தொட்டி வைத்து முதல் அலசலை அதில் செய்தால், அந்தத் தண்ணீரையே திரும்ப நிக்கல் தொட்டியில் ஊற்றலாம். நிக்கல் தொட்டி 50, 60 டிகிரியில் ஓடுவதால் எப்படியும் ஆவியாகித் தண்ணீர் குறைந்துகொண்டேதான் இருக்கும், அந்த இடத்தை இது நிரப்பும். நிக்கல் விலைக்கு முதலாளிக்கும் லாபம்.

இதைச் சொன்னபோது அவன் போனில் பட்டறையின் படத்தைக் காட்டி, தொட்டி வைக்க இடமில்லை என்றுதான் முதலாளி சொல்லுவார் என்றான். அப்புறம் அவனே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஆசிட் கேன் அடுக்கியிருக்கும் மூலையைக் காலி செய்தால் இரண்டடி கிடைக்கும் என்றான். தை மாதம் முடிவதற்குள் முதலாளியிடம் பேசச் சொல்லியிருக்கிறேன். பிளேட்டிங் லைனில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பட்டறையில் முதல் அலசல் தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்களா, எடுத்தால் பூச்சில் கறை விழாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அவனுக்கு அனுப்பி வைக்கிறேன்.